மூணு பெல் அடிக்காத இறக்கம்

ஆக்டிங் டிரைவர் வேலையில் வண்டி ஓனருடையது, பெட்ரோல் ஓனருடையது, வாயும் ஓனருடையது. கால் மட்டும்தான் நம்முடையது. அந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் பக்கத்து சீட்டிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். சொந்தக் கார் இருக்கும், ஆனால் கண் பார்வை குறைந்திருக்கும், அல்லது மலைப்பாதை என்றால் பயமாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாளைக்கு மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். மாமனாரை முன் சீட்டில் வைத்துக்கொண்டு கார் ஓட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டு என்றால் நீங்களும் எங்கள் ஆள்தான். என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே பாதி புரியும்.

கோலார் தங்கவயல் என்கிற எங்கள் கே.ஜி.எஃப்.பில் இந்தத் தொழிலுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. ஊரே மேடும் பள்ளமும். மைன்ஸிலிருந்து கொட்டிய மண்மேடுகளைச் சுற்றிச் சுற்றி ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களை எஃப்.சி. புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைச் சும்மா உருளவிடுவது அவர்களுக்கு ஒரு விரதம் மாதிரி. விரதத்தில் தீவிரமானவர்கள் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். "குமரேசன் நல்லா ஓட்டுவான்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால், நான் யார் மேலும் மோதமாட்டேன் என்று அர்த்தமில்லை. பெட்ரோல் முள் அசையாமல் ஓட்டுவேன் என்று அர்த்தம்.

தக்காளித் தோட்டம்

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்த விரதக்காரன்தான். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் முதலாளியின் பழைய நீலக் காரை கோலாரில் பெயின்ட் அடிக்க விட்டிருந்தார்கள். அதை எடுத்துவர என்னை அனுப்பினார். என் மனைவி செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம். கோலாரில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அவளையும் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது ஒரு நீளமான இறக்கம். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் ஆண்களுக்கு வரும் கோளாறு எனக்கும் வந்தது. "இப்ப பாரு, ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம ரெண்டு கிலோமீட்டர் போறேன்" என்று சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைத்தேனா, வீட்டு வாசலில் நிறுத்தினால் செய்கிற பழக்கத்தில் கை தானாகச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது.

சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். வளைவில் ஸ்டியரிங் திரும்ப மறுத்தபோது நன்றாகவே ஞாபகம் வந்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, குச்சி நட்டுக் கட்டியிருந்த தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒரு முழு வரிசையைச் சாய்த்துவிட்டு, ஈர மண்ணில் புதைந்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "இறக்கத்துல இனிமே இன்ஜின் ஆஃப் பண்ண மாட்டேன்னு இது மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். அதற்குள் தோட்டக்காரர் வந்துவிட்டார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். சாய்ந்த செடிகளையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தக்காளி காவாலன்னா கேட்டா நானே குடுப்பேன் கதா நைனா! அதுக்கு காரை எத்துக்கினு தோட்டத்துக்குள்ள வரணுமா?"

சோறு போடாதே

தக்காளிச் சமாசாரத்தைச் சொன்னதும் ஏகாம்பரம் முதலாளி என்னைத் துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, அணைத்த இடத்திலிருந்து தோட்டம் வரை வண்டி எவ்வளவு தூரம் உருண்டது என்பதுதான். சொன்னேன். பரவாயில்லையே என்பது போலத் தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கே போவதென்றாலும் அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

சுற்றுவட்டாரத்தில் உள்ள இறக்கங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இறக்கம் தொடங்க நாலடி இருக்கும்போதே உள்ளங்கையை மேலே உயர்த்தி "தூக்கு" என்பார். கியரை நியூட்ரலுக்குத் தூக்க வேண்டும். சின்ன இறக்கம் என்றால் தூக்குவேன். இன்ஜினை மட்டும் அணைக்கமாட்டேன். இறக்கம் முடிந்து மேடு ஆரம்பித்தாலும் "இரு, இரு, இன்னும் போவும்" என்று கியர் போடவிடமாட்டார். டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவர் சாய்வதால் வண்டி இன்னும் நாலடி போகும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு நாள் மாரிகுப்பம் ரோட்டில் அப்படி நாங்கள் உருண்டுகொண்டிருந்தபோது, கேரியரில் இரண்டு பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் மணி அடித்து எங்களை ஓவர்டேக் செய்தார். பின்னால் லாரி ஆரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனது. எனக்கு மானம் போனது. "மொதலாளி, கியர் போட்டுடட்டுமா?" என்று கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "வண்டி அதுவா போயிக்கினு கீது. அதுவா போறதுக்கு இன்னாத்துக்குடா சோறு போடுற?"

பாஷா பாய் சொன்ன கணக்கு

உண்மையிலேயே மிச்சமாகிறதா, அல்லது எல்லோரும் சேர்ந்து என் உயிரை வாங்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் பாஷா பாயிடம் போனேன். அவர் ஒரு கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "இது கேஸ் அடுப்பு மாதிரிடா" என்றார். "நீ ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தாலும் சிம்முல எரிஞ்சிக்கினே இருக்கும். கியர்ல இறங்கினா சக்கரம் இன்ஜினை இழுத்துக்கினு சுத்தும். சுத்தச் சுத்த இது உறிஞ்சும். நியூட்ரல்னா சும்மா சிம்மு மட்டும்." ஆக, பழைய வண்டியில் நியூட்ரல் கொஞ்சம் மிச்சம்தான். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் அதுவே பெட்ரோலைச் சுத்தமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் நிற்காமலிருக்க மறுபடி குடிக்க ஆரம்பிக்கும்.

அப்படியானால் பழைய வண்டிக்காரர்கள் சொல்வது சரிதானே என்று எனக்குள் ஒரு சபலம். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் குவிந்து கிடந்த தேய்ந்த பிரேக் ஷூக்களைக் காட்டினார். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக் தலையில்தான் விழும். இன்ஜினை அணைத்தாலோ, பிரேக்குக்குக் கைகொடுக்கிற பூஸ்டரும் இரண்டு மூன்று மிதியோடு செத்துவிடும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, பாய் சந்தோஷமாகத் தாடியைத் தடவிக்கொண்டார்: "யாரும் நியூட்ரலை வுடக் கூடாதுன்னு தெனம் தொழுவுறேன். அவங்களுக்கு பெட்ரோல் மிச்சம், எனக்கு பிரேக் ஷூ லாபம்."

புதுக் காரிலும் தூக்கு

ஏகாம்பரம் முதலாளியின் மகன் நவீன் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிற பையன். போன வருஷம் புதுக் கார் வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஓட்டச் சொல்லிக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். முதல் இறக்கத்தில் பின் சீட்டிலிருந்து அப்பா "தூக்கு" என்றார். முன் சீட்டிலிருந்து மகனும் "தூக்குங்க அண்ணா" என்றான். நான் தூக்காமல் கியரிலேயே காலை மட்டும் எடுத்தேன். டேஷ்போர்டுத் திரையில் பெட்ரோல் கோடு சர்ரென்று பூஜ்யத்துக்குப் போனது. நவீன் வாயைப் பிளந்தான். அப்புறம் நியூட்ரலில் போட்டுக் காட்டினேன். கோடு மேலே ஏறியது. கியர், பூஜ்யம். நியூட்ரல், கோடு. மூன்று தடவை காட்டினேன்.

பின் சீட்டில் முதலாளி கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தார். அவர் தூங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நவீன் என் காதருகே குனிந்து பாதி கன்னடத்தில் கிசுகிசுத்தான்: "அண்ணா, ப்ளீஸ், அப்பா கிட்ட நீங்களே ஹேளி. நான் சொன்னா 'ரயில்ல போயி வர்றவனுக்கு இறக்கத்தைப் பத்தி இன்னா தெரியும்'னு கேப்பாரு!"

வைண்டர் மாமா

இனி முனிரத்தினம் மாமாவுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அவரிடம் வருவதற்குத்தான்.

மாமா மைன்ஸில் வைண்டராக இருந்தவர். ஷாஃப்ட் என்கிற ஆழமான சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அந்த கேஜின் கயிற்றைச் சுற்றுகிற பெரிய இன்ஜினை இயக்குகிறவர்தான் வைண்டர். ஆட்களை அவர் பார்க்கமாட்டார், ஆட்களும் அவரைப் பார்க்கமாட்டார்கள். நடுவில் மணிதான் பேசும். ஒரு பெல் என்றால் நிறுத்து. ரெண்டு பெல் என்றால் இறக்கு. மூணு பெல் அடித்தால் உள்ளே ஆள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கயிறு நிதானமாக ஓட வேண்டும். மூணு பெல் அடிக்கவில்லையா, உள்ளே இருப்பது கல். கல்லுக்கு என்ன நிதானம்? முழு வேகம்தான். என் அப்பா இருபத்தைந்து வருஷம் மாமாவின் கயிற்றில் இறங்கி ஏறியவர். ஒரு நாள்கூட கேஜ் தரையில் இடித்ததில்லை, முட்டை வைத்தாலும் உடையாது என்பார்.

இன்ஜின் இரைச்சலில் இருந்து இருந்து மாமாவுக்குப் பேச்சு சரியாகக் காதில் ஏறாது. தட்டுகிற சத்தம் மட்டும் எந்த மூலையிலிருந்தாலும் கேட்கும். அதனால் அவர் மனைவி சரோஜா அத்தை அவரிடம் கத்துவதை எப்போதோ விட்டுவிட்டார். சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் ஒரு தட்டு: போதுமா என்று அர்த்தம். காரில் பின் சீட்டில் உட்கார்ந்து மோதிரத்தால் ஜன்னலில் ஒரு தட்டு தட்டினால், மாமா உடனே "நிறுத்துப்பா, அவளுக்குக் காய் வாங்கணுமாம்" என்பார். ரெண்டு தட்டினால் மாமா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார். மூணு தட்டு நான் கேட்டதே இல்லை.

கண்ணில் புரை வந்ததால் காரை ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது மாமாவுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத லீவரை இடது கையால் பிடித்தபடியே வருவார். அவருடைய வெள்ளைக் காரில் டேஷ்போர்டுக்கு நடுவே அவரே ஒரு குமிழ் சுவிட்ச் பொருத்தியிருந்தார். அதைத் தட்டினால் சாவியைத் தொடாமலே இன்ஜின் அணைந்துவிடும், ஸ்டியரிங்கும் பூட்டாது. இறக்கத்துக்கென்றே தனியாக ஒரு சுவிட்ச்! வாரத்துக்கு இரண்டு ட்ரிப் எனக்கு நிச்சயமாகக் கொடுக்கிற ஒரே வீடு அவருடையது. அந்த சுவிட்ச்சைத் தட்டமாட்டேன் என்று முதல் நாளே அவர் காதருகே கத்தி, செல்வியின் சத்தியத்தைச் சொன்னேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "உங்கப்பன் என் கயித்துல எறங்குனப்ப எந்தச் சத்தியமும் கேக்கலையே தம்பி!"

எந்த ஷாஃப்ட்டு?

நான் தட்டாவிட்டால் என்ன, மாமாவுக்குக் கை இல்லையா? ஒரு நாள் காலையில் ஊரிகத்தில் மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைத் தாண்டி இறங்கும்போது, வண்டி கியரில் இருக்கும்போதே அவர் சுவிட்ச்சைத் தட்டிவிட்டார். பிளக்கில் தீப்பொறி நின்றது; கார்புரேட்டர் நிற்குமா? இன்ஜின் சுற்றச் சுற்ற எரியாத பெட்ரோலை உறிஞ்சி உறிஞ்சி சைலன்சருக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் பதறிப்போய் சுவிட்ச்சைத் திரும்பத் தட்டினேன். அவ்வளவுதான். டமார்! சைலன்சர் இரண்டாகக் கிழிந்து ரோட்டில் விழுந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைன்ஸ் ஓடிய காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்தால் ஊரே அதிரும். ஏர் பிளாஸ்ட் என்போம். அதிர்ந்த உடனே வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து, தங்கள் ஆள் எந்த ஷிஃப்ட்டில் இருக்கிறான் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு என் சைலன்சர் சத்தத்துக்கு லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வயதானவர்கள் எல்லோரும் வாசலில். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒருவர் கையில் ரேசருடன் ஓடிவந்து என்னிடம், "எந்த ஷாஃப்ட்டு?" என்றார். நான் கீழே கிடந்த சைலன்சரைக் காட்டினேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

பாஷா பாய் கடையில் சைலன்சர் மாற்றும்போது அந்த சுவிட்ச்சின் மேல் கருப்பு டேப்பை நாலு சுற்று சுற்றினேன். கழற்றி எறியத்தான் ஆசை, மாமா சம்மதிக்கவில்லை. சுவிட்ச்சைப் பிடுங்கினால் வேறு டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றார். ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு டிரைவர் இருக்கிறானாம், கேட்காமலே அணைப்பானாம். எனக்கோ வாரத்தில் அந்த இரண்டு ட்ரிப் போனால் அடுப்பு எரியாது. கடைசியில் அத்தை நடுவில் புகுந்து அவரிடம் ஒரு வாக்கு வாங்கினார். மாமா பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்: "சரி, வுடு. ஊருக்குள்ள தொட மாட்டேன்."

மலை இறக்கம்

பேரணாம்பட்டு ஊருக்குள் இல்லை. அது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

அத்தையின் தங்கை பேரணாம்பட்டில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். கே.ஜி.எஃப். தமிழர்களில் பாதிப் பேருக்கு மலைக்குக் கீழே அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம்தான் சொந்தபந்தம். வழியில் வி.கோட்டா என்ற ஊரைத் தாண்டினால் மலை இறக்கம் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அதன் மேல் வரிசையாகக் குரங்குகள். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பின் சீட்டில் அத்தை, மடியில் சீர்த்தட்டு. முன்னால் மாமா புது வேட்டியில் உற்சாகமாக இருந்தார். மூன்றாவது வளைவு வரை ஒழுங்காக வந்தோம். டேப்பை அவர் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்ததை நான் பார்க்கவில்லை.

நான்காவது வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு மாற்ற கிளட்சை மிதித்து லீவரை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து மாமா, "அதுவா எறங்கும், பாரேன்" என்று சுவிட்ச்சைத் தட்டினார். இன்ஜின் செத்தது. வண்டிக்கு வேகம் பிடித்தது. பழைய கியர்பாக்ஸ், இரண்டாவது கியர் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. மறுபடி மிதித்தேன், பாதி பிடித்தது. மூன்றாம் முறை பெடல் கல். பாஷா பாய் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. எதிரே வளைவில் ஒரு பஸ் மூக்கை நீட்டியது. என் ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது; அதுவோ செல்வியின் வயிற்றின் மேல் இருப்பதாக ஒரு நினைப்பு. நான் "மாமா! ஹாண்ட் பிரேக்!" என்று கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கும்? முன்னால் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

டொக்.

பின்னாலிருந்து கண்ணாடியில் ஒரே ஒரு தட்டு. ஒரு பெல்.

மாமா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நாங்கள் இல்லை. அவர் வலது கை தானாக இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஹாண்ட் பிரேக்கைப் பிடித்தது. வெடுக்கென்று இழுத்திருந்தால் வண்டி வழுக்கிச் சுவரைத் தாண்டியிருக்கும். அவர் இழுக்கவில்லை, பல் பல்லாக ஏற்றினார். க்ளிக், க்ளிக், க்ளிக். வேகம் குறைந்தது. கியர் விழுந்தது. கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது. பஸ் எங்களை உரசுவது போல ஆரன் அடித்துக்கொண்டு போனது. பிரேக் கருகிய நாற்றம். பாஷா பாயின் லாபம் புகைந்துகொண்டிருந்தது.

அத்தை இறங்கி வந்து மாமாவின் கதவைத் திறந்து அவருக்கு நேராகக் குனிந்து நின்றார். அவர் கத்தவில்லை, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "முப்பது வருசம் ஊரான் வூட்டுப் புள்ளைங்களை பூ மாதிரி எறக்குனீங்க. எங்களை மட்டும் இன்னாத்துக்கு கல்லு மாதிரி எறக்குறீங்க?" அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார். கை இன்னும் ஹாண்ட் பிரேக்கை விடவில்லை. அப்புறம், தப்பு செய்த பிள்ளை பழியை வேறு யார் மேலாவது போடப் பார்ப்பது போல முனகினார்: "நீ மூணு பெல் அடிக்கவே இல்லையே, சரோஜா."

மூணு பெல்

இடம் மாற்றினார்கள். மாமா பின் சீட்டுக்குப் போனார், சீர்த்தட்டு அவர் மடிக்கு. அத்தை முன்னால் வந்தார். பிரேக் ஆறும்வரை காத்திருந்து, சுவிட்ச்சைத் திரும்பத் தட்டி வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சைலன்சருக்குள் மிச்சமிருந்த பெட்ரோல் சின்னதாக ஒரு டமார் போட்டது. சுவர் மேலிருந்த குரங்குகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் காணாமல் போயின. முதல் கியரில் நின்றபடி அத்தையைப் பார்த்தேன். அவர் மோதிரத்தால் கண்ணாடியில் நிதானமாகத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. அது பக்கத்து சீட்டில் நான் கேட்டுப் பழகிய குரல் இல்லை, என் அப்பா நம்பி இறங்கிய வைண்டரின் குரலாக இருக்க வேண்டும்: "ஆளு ஏறிக்கீறாங்க. மெதுவா எறக்குப்பா."

செல்வி கண்டுபிடித்த ஓட்டை

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், சட்டையிலிருந்த கருகல் நாற்றம் விடவில்லை. சத்தியம் மீறப்படவில்லை, ஏனென்றால் இன்ஜினை அணைத்தது என் கை இல்லை என்று ஒரு வக்கீல் பாயின்ட்டையும் சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்து தக்காளித் தோட்டம் பார்த்த என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்வி என் கையைப் பிடித்து மகளின் தலை மேல் வைத்தாள். புதுச் சத்தியம். இந்தத் தடவை ஓட்டை இல்லாமல் தைத்திருந்தாள்: "சுவிட்ச்சு எட்டுற எடத்துல ஓனருன்னு ஒருத்தர் ஒக்காந்தாலே வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லு."

ஆகவே இப்போதெல்லாம் மாமா பின் சீட்டில், அத்தை முன் சீட்டில், சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையார். பெட்ரோல் முன்னைவிடக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறது என்று மாமா ஒவ்வொரு இறக்கத்திலும் பெருமூச்சு விட்டாலும், மூணு பெல் விழுந்த பிறகு அவர் வாயைத் திறந்ததை நான் இன்னும் கேட்கவில்லை.